வலது பக்கப் பெட்டி

நீங்க ஜன்னல் பக்கம் நகந்துக்கோங்க தம்பி. நான் புளியங்குடியில இறங்கணும், ஓரத்துல இருந்தாத்தான் தோது. அது லேப்டாப் பைதானே? மேல வைக்காதீக, மடியிலயே இருக்கட்டும். இவன் ஓட்டுற ஓட்டுக்கு மேல இருக்கிறது எது எப்பத் தலையில விழும்னு சொல்ல முடியாது.

கம்ப்யூட்டர் கம்பெனியிலயா வேலை? சென்னையா? பாத்ததும் நெனச்சேன். அப்ப உங்களுக்கு பிபிடி போடத் தெரிஞ்சிருக்குமே. சும்மா கேக்குறேன், உங்க ஆபீஸ்ல சார்ட்டுக்கு என்ன கலர் குடுப்பீக? அதுவா குடுக்குற நீலமும் ஆரஞ்சுமா? அது சோம்பேறிக சமாச்சாரம் தம்பி. நான் அந்தக் கலரை வச்சதே இல்ல.

சிரிக்காதீக. வேட்டி கட்டுன ஆளு, மடியில தாம்பாளத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான், இவனுக்கு என்ன சார்ட்டுன்னுதானே பாக்குறீக? ராஜபாளையத்துல எங்க மில்லு வாசல்ல போய், சூப்பர்வைசர் சோலைராஜ் யாருன்னு கேளுங்க. மில்லு பேரு வேண்டாம், விடுங்க. சார்ட்டு, லேஅவுட்டுன்னா அவருதான்னு சொல்லுவாக. இப்பச் சொல்ல மாட்டாக. இப்ப எங்கிட்ட யாரும் பேசுறதில்ல. அது வேற கதை. வேற கதை என்ன, அதே கதைதான்.

நூல் மில்லு தம்பி. பஞ்சு உள்ள போகும், நூலு வெளிய வரும். நூலைச் சுத்துற மெஷினுக்கு ஃபிரேம்னு பேரு. பழைய ஷெட்டுல இருக்குற ஃபிரேம் அம்புட்டுக்கும் நான்தான் சூப்பர்வைசர். ஆளுக்கு ஒரு ஃபிரேம், எல்லாம் பொம்பளையாளுக. இழை அறுந்தா ஓடிப்போய் ஒட்டணும். ஒட்டாம விட்டா அந்த இடத்துல நூலு ஏறாது, உற்பத்தி விழுந்துரும். நாள் முச்சூடும் நடைதான் அவுகளுக்கு.

போன ஆடியில புது ஜி.எம். வந்தாரு. கோயம்புத்தூர்க்காரரு, சின்ன வயசு. நல்ல மனுஷன், நான் ஒரு குறை சொல்ல மாட்டேன். தூசி ஒத்துக்கிடாதுன்னு ஷெட்டுக்குள்ள கால் வைக்க மாட்டாரு, அம்புட்டுதான். ஏ.சி. ரூம்ல இருந்தே எல்லாத்தையும் பாக்கணும்ல? அதனால மாசாமாசம் ஒவ்வொரு சூப்பர்வைசரும் பிபிடி போட்டுக் காட்டணும்னுட்டாரு.

முத மாசம் நான் போட்டது இருக்கே, இப்ப நெனச்சாலும் கூச்சமா இருக்கு. ஒரே ஸ்லைடுல அம்புட்டையும் எழுதிட்டேன். எந்த ஃபிரேம்ல பெல்ட்டு போச்சு, எதுக்கு ஸ்பேர் கேட்டு வரலை, கரண்டு எப்பப் போச்சு, யாருக்குக் காய்ச்சல், ஒண்ணு விடலை. எழுத்து எறும்பு எறும்பா இருந்துச்சு. ஜி.எம். கண்ணைச் சுருக்கிப் பாத்துட்டு, "என்ன சோலைராஜ், தினத்தாள் போட்டிருக்கீங்க?"ன்னாரு. எல்லாரும் சிரிச்சாக. புது ஷெட்டு சூப்பர்வைசர் தனுஷ்கோடின்னு ஒருத்தன், நேத்து வந்த பய, அவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரிச்சான். அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை தம்பி. என் பொண்டாட்டி கேட்டா, என்னன்னு சொல்ல? பெல்ட்டு போனதை எழுதுனேன், சிரிச்சுட்டாகன்னா?

மறுநாளே அக்கவுண்ட்ஸ்ல இருக்குற ரேணுகாகிட்டப் போய் உக்காந்துட்டேன். டிகிரி படிச்ச பிள்ளை, கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா வேலைக்காரி. மத்த சூப்பர்வைசர்க எல்லாம் அதுக்கு பஜ்ஜி வாங்கிக் குடுத்து பிபிடியைப் போட்டு வாங்கிக்கிடுறாக. நான் அப்படிச் செய்யலை. எனக்குச் சொல்லிக்குடு தாயின்னேன். அது சொன்ன மொத வார்த்தை, "அண்ணாச்சி, ஒரு ஸ்லைடுல ஒரு விசயம்தான். எழுதாதீங்க, காட்டுங்க." எழுதாதீங்க, காட்டுங்க! அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டேன் தம்பி அந்த வார்த்தையை.

சாப்பாட்டு நேரம் பூராவும் அதுதான். மொத மொத வட்டத்துல போட்டேன். எல்லா ஃபிரேமையும் ஒரே வட்டத்துல. பிறந்தநாள் கேக்கை ஊருக்கே வெட்டுன மாதிரி சின்னச் சின்னத் துண்டா வந்து நிக்குது, எது எதுன்னு தெரியலை. சரின்னு கோடு போட்டேன். ரேணுகா தலையில அடிச்சுக்கிட்டு, "கோடுங்கிறது நாளாக நாளாக ஒண்ணு எப்படி மாறுதுன்னு காட்டத்தான் அண்ணாச்சி. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்த ஃபிரேமுக்கும் நடுவுல என்ன கோடு?"ன்னா. அப்புறம்தான் கம்பத்துக்கு வந்தேன். ஃபிரேமுக்கு ஒரு கம்பம்.

அந்தக் கம்பம் இருக்கே! சார்ட்டை அமுக்குனா கூடவே கட்டம் போட்ட தாள் ஒண்ணு திறக்கும், உங்களுக்குத் தெரியும், உங்களுக்கே சொல்றேன் பாருங்க. அதுல நம்பரை மாத்துனா கம்பம் ஏறும். குறைச்சா இறங்கும். நான் ஏத்துறேன், ஏறுது. இறக்குறேன், இறங்குது. இத்தனை வருசத்துல அந்த மில்லுல ஒரு மெஷினாவது என் பேச்சைக் கேட்டிருக்கா? இது கேட்டுச்சு தம்பி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, நம்புவீகளா?

பெருசுல இருந்து சின்னதுக்கு வரிசையா நிக்க வைக்கக் கத்துக்கிட்டேன். மேல இருக்குற அஞ்சுக்குப் பச்சை, கடைசி அஞ்சுக்கு சிவப்பு. யாரும் சொல்லிக்குடுக்கலை, என் யோசனைதான். பாத்த உடனே தெரியணும்ல?

அப்புறம் லேஅவுட்டு. இங்கதான் நம்மாளுக எல்லாரும் கோட்டை விடுறது. தலைப்பு எங்க, படம் எங்க, ஓரத்துல எம்புட்டு இடம் விடணும், அதுக்கெல்லாம் ஒரு கணக்கு இருக்கு. மில்லுக்குன்னு ஒரு மாதிரி ஸ்லைடு அனுப்பியிருந்தாக, எல்லாரும் அதுலதான் போடணும். மேல தலைப்பு. கீழ ரெண்டு பெட்டி, இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு. எனக்கு அது பிடிச்சுப்போச்சு. வீட்டுல சாப்பிட உக்காந்தாக்கூட, கூட்டை இடது பக்கம் வச்சிருக்கே, வலது பக்கம் காலியா இருக்கேன்னு சொல்லியிருக்கேன் போல. எம் பொண்டாட்டி கரண்டியை வச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டா.

என் தங்கச்சியைப் பத்திச் சொல்லலையே. பேச்சியம்மா. எனக்கு அடுத்துப் பிறந்தவ, எனக்குன்னு இருக்குறது அவ ஒருத்திதான். அவளும் எங்க ஷெட்டுலதான் வேலை பாத்தா. நான்தான் சேத்துவிட்டேன். அவ வீட்டுக்காரரு லாரியில போறவரு, வந்தா வருவாரு. ஒரே பொண்ணு, சுபாஷினி. அந்தப் பிள்ளைக்கு ஆவணியில நிச்சயம் பண்ணி, தையில கல்யாணம்னு குறிச்சிருந்தாக. பேச்சி இந்தச் சம்பளத்தை நம்பித்தான் இறங்குனா. ஓவர்டைம்னா மொத ஆளா அவதான் கை தூக்குவா.

அவளைப் பதினாலாம் நம்பர் ஃபிரேம்ல போட்டிருந்தேன். அது வாசலை ஒட்டி இருக்கு. காத்தடிச்சா இழை அறும். மெஷினும் தேஞ்சுபோன மெஷினு, எத்தனை தடவை எழுதிக் குடுத்தும் மாத்தலை. எல்லாருக்கும் தெரியும். அதுல யாரு நின்னாலும் உற்பத்தி வராது. பின்ன ஏன் தங்கச்சியை அதுல போட்டேன்னு கேப்பீக. நல்ல ஃபிரேம்ல போட்டா நாலு பேரு என்ன சொல்லுவாக? சூப்பர்வைசர் தங்கச்சிக்கு மட்டும் நோகாத வேலைன்னு சொல்ல மாட்டாகளா? நான் நேர்மையான ஆளு தம்பி. பேச்சியும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. "நீ எதுல போட்டாலும் சரிண்ணே"ம்பா.

ஐப்பசி மாசம் ரெண்டு ஸ்லைடு போட்டேன். முதல் அஞ்சு ஒண்ணு, கடைசி அஞ்சு ஒண்ணு. ரெண்டுலயும் இடது பக்கம் கம்பம். வலது பக்கப் பெட்டி காலி. காலியா இருந்தா சும்மா இருக்காது அது, இங்க படம் சேர்க்க அமுக்குன்னு இங்கிலீஷ்ல எழுதிக்கிட்டே நிக்கும். அதைப் பாக்கப் பாக்க எனக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு. விருந்தாளிக்கு இலையைப் போட்டுட்டுச் சோறு வைக்காம இருந்தா எப்படி இருக்கும், அப்படி. என்ன வைக்கலாம்னு யோசிச்சேன். மில்லு படம் வச்சுப் பாத்தேன், சரியா வரலை. அப்பத்தான் தோணுச்சு, நல்லா ஓட்டுற அஞ்சு பேரு படத்தை வச்சா என்ன? நம்ம ஷெட்டு ஆளுக மூஞ்சி மேல வரைக்கும் போகட்டுமே. போனை எடுத்துக்கிட்டுப் போய்ப் படம் பிடிச்சேன். வச்சேன். அடடா, என்ன அம்சமா உக்காந்துச்சு தெரியுமா!

அடுத்த ஸ்லைடுக்குப் போனா அதே பெட்டி, காலியா. ஒண்ணுல படம் இருந்து இன்னொண்ணுல இல்லேன்னா அது லேஅவுட்டா? நீங்களே சொல்லுங்க. தனுஷ்கோடி சிரிக்க மாட்டானா?

ரேணுகாதான், "அண்ணாச்சி, ஜி.எம். ஃபிரேம் நம்பர்தானே கேட்டாரு, ஆளு படம் எதுக்கு?"ன்னா. பெட்டி காலியா இருக்குதுல்லன்னேன். "அப்ப ஒரு பெட்டி இருக்குற லேஅவுட்டை எடுத்துக்கோங்க, இருக்குதே"ன்னா. அது எப்படி? மொத ஸ்லைடும் ரெண்டாவது ஸ்லைடும் ஒண்ணுபோல இருக்கணும்ல? சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தெரியறதில்ல.

அதனால கடைசி அஞ்சு பேரையும் போய்ப் பிடிச்சேன். மேல காட்டப் போறேன், சிரிச்ச முகமா நில்லுங்கன்னேன். பொய்யா சொன்னேன்? மேலதானே காட்டுனேன். அதுகளுக்கு ஒரே சந்தோசம். தலையில இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, முந்தானையில மூஞ்சியைத் துடைச்சு, ஒருத்தி இன்னொருத்திக்குப் பொட்டைச் சரிபண்ணி. பேச்சி வாயில கட்டியிருந்த துணியை அவுத்துட்டு, "ஏண்ணே, இந்தக் கோலத்துலயா? கல்யாணத்துக்குப் பட்டுச் சீலை கட்டுறப்ப எடுக்கலாம்ல"ன்னு சிரிச்சா. அவ சிரிக்கிற ஆளே இல்ல தம்பி. அன்னைக்குச் சிரிச்சா. சடக்குன்னு அமுக்கிட்டேன்.

எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குல்ல. பதினாலாம் நம்பர் கம்பம் கடைசியில சிவப்பா நிக்குது, பக்கத்துல தங்கச்சி மூஞ்சி. என்னதான் இருந்தாலும் ஒரு மாதிரியா இருந்துச்சு. அதனால கம்பத்துக்குக் கீழ ஒரு வரி எழுதுனேன். இந்த ஃபிரேம் தேஞ்சுபோனது, ஆளு மேல தப்பில்லைன்னு. எழுதுனா, அந்த வரி போய் நம்பர் மேல ஏறுது. நகத்துனா படத்துல முட்டுது. எழுத்தைச் சின்னதாக்குனா மறுபடியும் எறும்பு. எழுதாதீங்க, காட்டுங்கன்னு படிச்சதெல்லாம் எதுக்கு? மறுபடியும் தினத்தாள்னு சொல்லிட்டா?

அதுக்கும் வழி இருக்கு தம்பி, உங்களுக்குத் தெரியும். ஸ்லைடுக்குக் கீழ நோட்ஸ்னு ஒரு இடம். அங்க எழுதிக்கலாம், ஸ்லைடு கெடாது. அங்க எழுதிட்டேன். ஒரு வரி இல்ல, மூணு வரி. காத்து, வாசல், ஸ்பேர் வராதது, எல்லாம். ரேணுகா பாத்துட்டு, "அண்ணாச்சி, இது ஸ்கிரீன்ல வராது. நீங்கதான் வாயால சொல்லணும், மறந்துராதீங்க"ன்னா. எனக்கா மறக்கும்?

மீட்டிங்கு. மொத ஸ்லைடு போட்டேன். ஜி.எம். முன்னால குனிஞ்சு பாத்தாரு. அடுத்த ஸ்லைடு போட்டேன். சேரை விட்டு எந்திரிச்சு ஸ்கிரீன் பக்கத்துலயே போய்ட்டாரு. "பியூட்டிஃபுல்"ன்னாரு. நான் காதால கேட்டேன் தம்பி. "எல்லாரும் பாருங்க, ஒரு வார்த்தை பேசாமலே எல்லாம் புரியுது. இப்படித்தான் இருக்கணும் ஸ்லைடு"ன்னாரு. தனுஷ்கோடி மூஞ்சியைப் பாக்கணுமே!

ஒரு வார்த்தை பேசாமலே புரியுதுன்னு அவரே சொன்னதுக்கப்புறம் நான் என்னத்தைப் பேச? நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சார், அந்த பதினாலாம் நம்பர்னு. அதுக்குள்ள அவரு அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாரு. கை தட்டுனாக தம்பி. என் வாழ்நாள்ல எனக்கு யாரும் கை தட்டுனதில்ல. கல்யாணத்தன்னைக்குக்கூடத் தட்டலை.

திங்கக்கிழமை காலையில மில்லு கேட்டுல அந்தக் கடைசி அஞ்சு பேரையும் நிப்பாட்டிட்டாக.

கான்ட்ராக்ட் ஆளுகதானே, நாளையில இருந்து வராதேன்னா அம்புட்டுதான், கேள்வி கிடையாது. ஜி.எம்.முக்கு அதுக்கு முன்ன அவுகள்ல ஒருத்தி மூஞ்சியும் தெரியாது. வாட்ச்மேனும் புது ஆளு, அவருக்கும் தெரியாது. ஆனா தேட வேண்டிய வேலையே இல்லாம போச்சு, அவரு கையில என் ஸ்லைடோட பிரிண்ட்டு இருந்துச்சு. கலர் பிரிண்ட்டு. ஒவ்வொருத்தி மூஞ்சியா பாத்து, நீ தள்ளி நில்லு, நீ தள்ளி நில்லுன்னு. நான் உள்ள இருந்து பாத்தேன். சிவப்பு சரியா வரலை, காவி மாதிரி வந்திருந்துச்சு. ஆபீஸ்ல இருக்குற பிரிண்டர் அப்படித்தான்.

பேச்சி என்னைப் பாத்துட்டா. "அண்ணே"ன்னு கூப்பிட்டா. ஷிப்டு மணி அடிச்சிருச்சு தம்பி, நான் ஷெட்டுல இருக்கணும்ல, சாயங்காலம் வாறேன்னு கையைக் காட்டிட்டு உள்ள போயிட்டேன்.

நான் ஒண்ணும் சும்மா இருக்கலை. மத்தியானமே ஜி.எம். ரூமுக்குப் போனேன். சொல்லணும்னுதான் போனேன். அவரு என்னைக் கண்டதும், "வாங்க சோலைராஜ், உக்காருங்க"ன்னாரு. அதுவரைக்கும் என்னை அந்த ரூம்ல யாரும் உக்காரச் சொன்னதில்ல. டீ வந்துச்சு. "நைட் ஷிப்டுக்கும் இதே மாதிரி போட்டுக் குடுக்க முடியுமா? புது ஷெட்டுக்கும் நீங்களே போட்டுருங்க"ன்னாரு. அம்புட்டு மரியாதையா பேசுற மனுஷங்கிட்ட எடுத்த எடுப்புல சொந்த விசயத்தை எப்படிப் பேசுறது? சரிங்க சார்னு வந்துட்டேன். போட்டும் குடுத்தேன்.

சாயங்காலம் லேப்டாப்பை எடுத்துக்கிட்டே பேச்சி வீட்டுக்குப் போனேன். ஆபீஸ்ல எனக்குன்னு ஒண்ணு குடுத்துட்டாகல்ல. நோட்ஸைக் காட்டிட்டா அவளுக்குப் புரிஞ்சிரும்னு நெனச்சேன். அவ வாசப்படியில உக்காந்திருந்தா. உள்ள வான்னு சொல்லலை.

"அண்ணே, அந்த மெஷினு ஓடாதுன்னு சொன்னியா?"ன்னா.

"எழுதியிருக்கேன் பேச்சி. இங்க பாரு, மூணு வரி."

"சொன்னியா?"

"எழுதியிருக்கேன்ல? கண்ணைத் தொறந்து பாரு."

"அதை அங்க யாரு பாத்தா?"

"அது ஸ்கிரீன்ல வராது பேச்சி. அது அப்படித்தான். ஆனா ஃபைல்ல இருக்கு. இன்னைக்கும் இருக்கு."

அவ பாக்கலை தம்பி. நான் மூடியைத் தொறந்து வச்சுக்கிட்டு நிக்கிறேன், அவ தெருவைப் பாத்துக்கிட்டு இருக்கா. "சிரிக்கச் சொன்னியேண்ணே"ன்னா. அம்புட்டுதான். எந்திரிச்சு உள்ள போய்க் கதவைச் சாத்திட்டா. சுபாஷினி ஜன்னல் வழியா பாத்துச்சு. அதுவும் ஜன்னலைச் சாத்திருச்சு. நான் தூக்கி வளத்த பிள்ளை. எனக்கு எப்படி இருந்திருக்கும்? லேப்டாப்பை மூடுறதா வேண்டாமான்னுகூடத் தெரியாம நின்னேன்.

நீங்களே சொல்லுங்க, நான் என்ன செஞ்சேன்? நம்பரை நானா குறைச்சேன்? சார்ட்டு உள்ளதைத்தானே காட்டுது? ஒரு நம்பரைக் கூட்டியோ குறைச்சோ போட்டிருந்தா என்னைச் செருப்பால அடிக்கலாம். போடலையே. ஷெட்டுல இப்ப நான் நடந்து வந்தா பொம்பளையாளுக வாயில இருக்குற துணியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கிடுறாக. போனைக் கையில எடுத்தாப் போதும், முதுகைக் காட்டிட்டு நிக்கிறாக. ரேணுகா வேலையை விட்டுட்டு மதுரைக்குப் போயிருச்சு. போறப்ப ஒரு வார்த்தை சொல்லலை. எம் பொண்டாட்டி சோறு வைக்கிறா, பேச்சு கிடையாது. அவ வைக்கிற இடத்துல வச்சதைத் தின்னுட்டு எந்திரிச்சிர்றேன்.

ஜி.எம். மட்டும்தான் இன்னும் பேசுறாரு. போன வாரம்கூட சூப்பர்வைசர்க எல்லாரையும் நிக்க வச்சுப் படம் எடுத்தாக. தனுஷ்கோடிதான் எடுத்தான். என்ன விசயம்டான்னேன். மேல காட்டணுமாம் அண்ணாச்சி, சிரிச்ச முகமா நில்லுங்கன்னான். சிரிச்சேன். பிரமோசன் போடுறாகளோ என்னமோ. என் ஷெட்டுல இப்ப உற்பத்தி ரொம்ப விழுந்துபோச்சு, வந்ததெல்லாம் புது ஆளுக, இழை ஒட்டத் தெரியலை. அது ஜி.எம்.முக்கும் தெரியும்.

இன்னைக்குத்தான் சுபாஷினிக்குக் கல்யாணம். ஆமா, அதுக்குத்தான் போறேன். புளியங்குடி மாப்பிள்ளை, மண்டபமும் அங்கதான். எங்க பக்கத்துல தாய்மாமன் மாலை போட்டுத்தான் பொண்ணை மணவறைக்குக் கூட்டிட்டு வரணும். அது அந்தப் பிள்ளை பிறந்தன்னைக்கே எழுதுன எழுத்து, மாத்த முடியாது. பெரியப்பா மகன் ஒருத்தனை நிப்பாட்டப் போறதா சொல்லிக்கிடுறாக. அதெல்லாம் சும்மா பேச்சு. நான் நேர்ல போய் நின்னா பேச்சி என்ன சொல்லிருவா? கார்டு வரலை, வாஸ்தவம். எங்க தெருவுல எல்லா வீட்டுக்கும் வந்துச்சு. எனக்கு வைக்கிற கார்டு எங்கயாவது தவறிப் போயிருக்கும். போன் அடிச்சா எடுக்க மாட்டேங்கிறா. கல்யாண வேலையில இருப்பா. எம் பொண்டாட்டி, "நீங்களே போய்ட்டு வாங்க"ன்னுட்டா.

வெறும் மாலையும் தாம்பாளமும் மட்டும் கொண்டு போகலை தம்பி. இங்க பாருங்க, சட்டைப் பையில பென்டிரைவு. மண்டபத்துல பெரிய டி.வி. வச்சிருக்காகல்ல, அதுல ஓடவிடுறதுக்கு ஒரு பிபிடி போட்டிருக்கேன். சுபாஷினி பிறந்ததுல இருந்து இன்னைக்கு வரைக்கும். டி.வி. பாத்துக்கிடுற ஆளுகிட்ட போன்லயே பேசிட்டேன், பொண்ணு மணவறைக்கு வர்ற நேரம் போட்டுருவாரு. பேச்சிக்குத் தெரியாது. எல்லாரும் இருக்குறப்ப அதைப் பாத்தான்னா அவ மனசு இளகிரும். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவதானே. ஒரு மாசமா வேற வேலையே பாக்கலை நான். எத்தனை தடவை அழிச்சு அழிச்சுப் போட்டேன் தெரியுமா? எதுக்கு? எனக்கு அவ வேணும் தம்பி. அவ ஒரு தடவை அண்ணேன்னு கூப்பிட்டாப் போதும். வேற எனக்கு எதுவும் வேண்டாம்.

போன்லயும் இருக்கு, பாருங்க. நீங்க படிச்ச ஆளு, உங்களுக்குத்தான் லேஅவுட்டு தெரியும். இது அவ தவழ்றப்ப. இது பள்ளிக்கூடத்துல. நகத்துங்க, நகத்துங்க. இதுதான் கடைசி ஸ்லைடு. ரெண்டு பெட்டி. இடது பக்கம் சுபாஷினி, நிச்சயத்துல எடுத்தது. வலது பக்கப் பெட்டிக்கு அம்மா படம் வேணும்ல? வீடு பூராவும் தேடிட்டேன். இருக்குற படத்துல எல்லாம் மொறைச்சுக்கிட்டு நிக்கிறா. சிரிச்ச படம்னு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு.

ஆமா தம்பி, அதேதான். எப்படிக் கண்டுபிடிச்சீக? பழைய போன் கெட்டுப்போச்சு, அதனால அந்த ஸ்லைடுல இருந்தே வெட்டி எடுத்தேன். மத்த நாலு பேரையும் எடுத்துட்டேன். இந்த ஓரத்துல மட்டும் சிவப்பா கொஞ்சம் நிக்குது பாருங்க, பதினாலாம் நம்பர் கம்பத்தோட நுனி அது. இன்னும் வெட்டுனா பேச்சி தோள் போயிருது. சரி, கல்யாணத்துக்குச் சிவப்பு நல்லதுதானேன்னு விட்டுட்டேன்.

என்ன தம்பி, போனைக் குடுத்துட்டுத் திரும்பிக்கிட்டீக? நல்லா இல்லையா? எதுவா இருந்தாலும் சொல்லுங்க, மாத்திருவேன், இன்னும் நேரம் இருக்கு. இதுவா புளியங்குடி? அதுக்குள்ள வந்துருச்சா? அந்தத் தாம்பாளத்தைக் கொஞ்சம் பிடிங்க, மாலை நசுங்காம. கண்டக்டரே, ஆளு இறங்கணும்!

ஒண்ணு மட்டும் சொல்லிருங்க தம்பி. படத்துல நல்லாச் சிரிச்சிருக்கால்ல?